முயலுக்கு ஒரு மூலை

ஆபரேஷன் தியேட்டரில் துடைப்பத்துக்கு வேலை இல்லை. பெருக்கினால் தூசி எழும். ஈரத் துணிதான். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு. முதலில் விளக்கு, பிறகு மேஜை, ஸ்டூல், தள்ளுவண்டி, கடைசியில் தரை. ஒரு கேஸ் வெளியே போய் அடுத்த கேஸ் உள்ளே வருவதற்குள் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்குப் பிறகு அங்கே ஏதாவது நடந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. கறை மட்டுமல்ல, வாடையும் மிஞ்சக் கூடாது. இருபத்துமூன்று வருஷமாக அவள் செய்துவருவது இதைத்தான்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்கள் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஃபினாயிலக்கா. அவளுக்குத் தெரியும். கோபப்பட்டதில்லை. ஃபினாயில் வாடையை அவளுடைய மூக்கு கண்டுகொள்வதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

வயது ஐம்பத்திரண்டு. வீடு இரண்டாவது மாடியில். முப்பத்தெட்டுப் படி. பத்தொன்பதாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடது முழங்காலுக்கு ஒரு நிமிஷம் கொடுப்பாள். பிறகு மிச்சம்.

கணவர் டவுன் பஸ் ஓட்டியவர். நாய், கோழி, காற்றில் உருண்டுவரும் பிளாஸ்டிக் பை, எதுவானாலும் வண்டியை நிறுத்திவிடுவார் என்பதால் டிப்போவில் அவருக்குப் பெயர் பிரேக். ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. முதல் மாதம் வழக்கம்போல விடியும்முன் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மாதம் சட்டை போடவில்லை. நான்காவது மாதத்திலிருந்து எழவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். விழுங்கிவிட்டு மறுபடி சுவர். முழிச்சிருக்கீங்களா என்று கேட்டால் ம் என்பார். தூங்குறீங்களா என்று கேட்டாலும் ம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இரண்டு நாள் லீவில் வந்து பார்த்தாள். திரும்பிப் போகிற அன்று காலை கடைக்குப் போய் ஒரு சாம்பல் நிற முயல்குட்டியையும் ஒரு சின்னக் கம்பிக் கூண்டையும் வாங்கிவந்து கட்டிலருகே வைத்தாள்.

“என்னடி இது?”

“முயல்.”

“அது தெரியுது. யாரு பாத்துக்கறது?”

“அப்பா.”

“அப்பாவையே நான்தான் பாத்துக்கறேன்.”

“அதனாலதாம்மா,” என்றாள் மகள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு நேரமில்லை. ரயிலுக்கு ஆட்டோ வந்து நின்றிருந்தது.

மூன்று நாள் முயல் கூண்டுக்குள் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டிலில் இவர் கூனிப் படுத்திருந்தார். அவள் காலையில் ஒருவருக்குக் கீரைத்தண்டும் இன்னொருவருக்குச் சாப்பாடும் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து இரண்டு பேரும் மிச்சம் வைத்ததை எடுத்தாள். இந்த வயதில் இரண்டாவது பிரசவம் என்று நினைத்துக்கொண்டாள். சிரிக்கத் தெம்பில்லை.

நான்காவது நாள் அவள் கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவர் தரையில், கூண்டுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“இதுக்கு வண்டி திருப்ப எடம் இல்ல,” என்றார்.

ஐந்து மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. அவள் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பையை வைத்தால் அந்தச் சத்தத்தில் அவர் மறுபடி படுத்துவிடுவார் என்று தோன்றியது.

“என்ன வேணும்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எடம்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் எதையாவது தூக்கிக்கொண்டு முப்பத்தெட்டுப் படி ஏறினாள். செருப்பு அடுக்கும் அலமாரிக்கான கம்பிச் சட்டங்கள், சதுரம் சதுரமாக, பதினாறு. அவற்றைச் சேர்த்துக் கட்ட பிளாஸ்டிக் டேக். அவர் ஜன்னலை ஒட்டிய மூலையை அளந்தார். டேப் கிடையாது, காலடியால் அளந்தார். முயல் ஒரே மூச்சில் மூன்று தாவலாவது தாவ வேண்டும், பின்னங்காலில் நின்றால் தலை இடிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. சட்டங்களை இரண்டு வரிசையாக ஏற்றி ஒரு அடைப்பாகக் கட்டினார். மேலே மூடவில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்து மூட வழி வைத்தார். சின்னக் கூண்டு பால்கனிக்குப் போயிற்று.

தரை வழவழவென்று இருந்ததால் முயலின் கால்கள் நான்கு திசைக்கும் போயின. “மழையில மொட்டை டயர் மாதிரி போகுது பாரு,” என்றார். மறுநாள் அவள் நடைபாதைக் கடையில் கனத்த பருத்தி விரிப்பு இரண்டு வாங்கிவந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை முயல் கவிழ்த்தது. மறுநாள் மண்சட்டி. செல்போன் சார்ஜர் வயரைக் கடித்து இரண்டாக்கியது. மறுநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் நான்கு மீட்டர். அவர் அதை நீளவாக்கில் கீறி ஃபிரிட்ஜ் வயருக்கும் ஃபேன் வயருக்கும் உறைபோல மாட்டினார்.

ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி ஸ்டோரில் கேட்டு சலைன் பாட்டில் வந்த பெட்டியை வாங்கிவந்தாள். அவர் அதில் கத்தியால் ஒரு வாசல் வெட்டினார். பிறகு பெட்டியைத் திருப்பி எதிர்ப்பக்கம் இன்னொன்று வெட்டினார்.

“எதுக்கு ரெண்டு?”

“ஏர்றதுக்கு ஒண்ணு, எறங்கறதுக்கு ஒண்ணு.”

“மொத்தமே ஒரு டிக்கெட்தானே.”

“ஒரு டிக்கெட்டானாலும் தப்பிக்க வழி வேணும். இல்லேன்னா உள்ள போகவே பயப்படும்.”

அன்றிலிருந்து முயலுக்கு டிக்கெட் என்று பெயர். டிப்போவில் பயணிகளை அப்படித்தான் சொல்வார்கள்.

புல் கிடைப்பதுதான் பெரிய பாடு. முயலுக்கு நாள் முழுக்கக் காய்ந்த புல் வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று மகள் போனில் சொன்னாள். தீவனக் கடை ஆஸ்பத்திரியிலிருந்து எதிர்த்திசையில், நான்கு ஸ்டாப் தள்ளி. நாள் முழுக்க நின்ற காலோடு அங்கே போய், ஒரு சாக்குப் புல்லை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் கேட்டார்: “என்னம்மா, ஆட்டுக்கா மாட்டுக்கா?”

“எங்க வீட்டுக்காரருக்கு,” என்றாள்.

கண்டக்டர் சிரித்தார். அவளுக்கு அது பாதிதான் நகைச்சுவை.

ஏனென்றால் அவர் எழுந்திருக்க ஆரம்பித்திருந்தார். அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் புல் மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தால் தரையில் உட்கார்ந்திருந்தார். முயல் அன்று என்ன செய்தது என்று நான்கு வார்த்தை சொன்னார். முகம் மழித்திருந்தார். இதெல்லாம் அந்த மூலையில் முயல் இருக்கும்வரைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தியேட்டரில் மானிட்டர் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். எந்த வயரைப் பிடுங்கினால் கோடு நேராகும் என்று தெரியும்.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. முயல் மூத்திரம் போகும் இடம்.

மகள் சொன்னபடி அகலமான பிளாஸ்டிக் தட்டில் பழைய பேப்பர் விரித்து, மேலே புல் போட்டு, அடைப்பின் மூலையில் வைத்திருந்தார்கள். முயல் தின்றுகொண்டே கழியும், ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் மாற்றாது என்றாள் மகள். டிக்கெட் மாற்றிக்கொண்டே இருந்தது. திங்கள் ஜன்னல் பக்கம். செவ்வாய் விரிப்பின் நடுவில். அடைப்பைத் திறந்துவிட்டால் கட்டிலுக்கு அடியில். தட்டைத் தவிர வீட்டில் எல்லா இடமும் அதற்குப் பிடித்திருந்தது.

அவள் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றி, முடியை ஏற்றி முடிந்துகொண்டு, வாளியை எடுத்தாள். டீகூட அப்புறம்தான். கம்பிச் சட்டம், பெட்டி, தட்டு, கடைசியில் தரை. மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு. விரிப்புகளைச் சோப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தாள். தட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, பேப்பரும் புல்லும் புதிதாக மாற்றினாள். தரைக்கு ஃபினாயில் இரண்டு மூடி. விடிந்ததும் கிளம்பும்முன் இன்னொரு தடவை. அங்கே முயல் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாதபடி துடைத்துவிட்டுப் போனாள். அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் காலுக்குக் கீழே துணியை விட்டு இழுத்தாள். வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் முதல் மாடியில் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

“மேல என்னம்மா நடக்குது?”

“ஒண்ணுமில்லீங்க. சின்னதா ஒரு முயல்.”

“முயலோ முதலையோ. ஒரு வாடை எறங்குது பாரு, கண்ணை மூடினா ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரரு மத்தியானம் தூங்கி எந்திரிச்சு, டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரான்னு கேக்கறாரு.”

“முயல் புதுசுங்க. பழகிடும். நான் நல்லாத் தொடச்சிடறேன்.”

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நானே மேல வருவேன். வாடை இருந்துச்சுன்னா அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, ஆமா.”

அவள் மேலே வந்து ஃபினாயிலை மூன்று மூடியாக்கினாள்.

செவ்வாய் ஒரு இடம். புதன் இரண்டு இடம். தியேட்டரில் அவளோடு வேலை பார்ப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்த ஒரு பொத்தான் இல்லாததுதான் குறை. புதன்கிழமை வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது ரேடியோ சொன்னாள்: “கண்ணுக்குக் கீழ பாருக்கா, கரி பூசின மாதிரி. யார்கிட்டயாவது குடுத்துத் தொலையேன்.”

“குடுத்தா அவரு படுத்துடுவாரு.”

“படுத்தா எழுப்பு.”

“அஞ்சு மாசம் எழுப்பினேன்டி.”

“எழுந்தாரா?”

“முயலுக்குத்தான் எழுந்தாரு.”

ரேடியோ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளால் முடிந்த மரியாதை அது. பிறகு, “பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு உங்க வீட்டுலயும் யாரோ பிடிவாதமா இருக்காங்க,” என்றாள்.

“எங்க முயலுக்கு நாலு காலும் இருக்கு. ஒரு காலைக்கூடத் தட்டுல வைக்க மாட்டேங்குது.”

வியாழக்கிழமை கட்டிலுக்கு அடியில் துணியை விட்டபோது ஒரு பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டது. முடிச்சுப் போட்டுச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தது. பிரித்தாள். நனைந்த செய்தித்தாளும் கொஞ்சம் புழுக்கையும். வாடை மூக்கில் அறைந்தது.

“என்னங்க இது? இதைப் போய் யாராவது பத்திரப்படுத்துவாங்களா?”

அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரெல்லாம் நான் அள்ளிக் கொட்டறது போதாதுன்னு நீங்க சேத்து வைக்கறீங்களா? ஞாயித்துக்கிழமை அந்தம்மா வந்து நிக்கும். அப்ப இதைத்தான் எடுத்து நீட்டப் போறீங்களா?”

பையை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டாள். முப்பத்தெட்டு இறங்கி முப்பத்தெட்டு ஏறி வந்தாள். வந்து பார்த்தபோது அவர் கட்டிலில் படுத்திருந்தார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

“சாப்பிடலாம் வாங்க.”

“ம்.”

வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் எழவில்லை. அவளே புல் வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், வாரி எடுத்தாள், துடைத்தாள். கால் மணி நேரம் தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தியேட்டர் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று ஐந்து கேஸ். மூன்றாவது கேஸ் முடிந்து துடைக்கும்போது சிஸ்டர், “அக்கா, இந்தச் சுவரைத் தொடச்சாச்சு. ரெண்டாவது தடவை தொடைக்கறீங்க,” என்றாள். அவள் துணியைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. எவ்வளவு நேரமாக அந்தச் சுவர் முன்னால் நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் விளக்குப் போட்டிருக்கவில்லை. முயல் பெட்டிக்குள் இருந்தது. அவர் காலையில் படுத்திருந்த அதே பக்கம் படுத்திருந்தார். தலைமாட்டில் அவள் வைத்துவிட்டுப் போன தட்டு மூடியபடியே இருந்தது.

அவள் வாளியை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ஒரு வாய்கூடச் சாப்பிடலையா?”

தட்டின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள்.

“என்னால முடியலங்க,” என்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

அவர் சுவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“ஒரு ஸ்டாப்புல போர்டு இருக்கு. பத்து வருசமா அங்கதான் வண்டி நிக்குது. ஒருநாள் காலையில போர்டைப் பிடுங்கியாச்சு. நிழற்குடை இல்ல, பெஞ்சு இல்ல, தரையில கெடந்த டிக்கெட்டுத் துண்டைக்கூடப் பெருக்கியாச்சு. ஜனங்க எங்க நிப்பாங்க?”

“எங்கயாவது நிப்பாங்க.”

“ஆளுக்கு ஒரு எடத்துல நிப்பாங்க. அதுதான் நடக்குது.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் திரும்பிப் படுத்தார். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை.

“அதுக்கு வாடைதான் போர்டு. போன தடவை எங்க போச்சோ, மோந்து பாத்து அங்கயே போகும். ஒவ்வொரு தடவையும் அது போன எடத்துல பேப்பரை ஒத்தித் தட்டுல வைக்கறேன். ரெண்டு தடவை தட்டுக்கு வந்துச்சு. நான் பாத்தேன். சாயங்காலம் நீ வர்றே. ஸ்டாப்பையே தூக்கிட்டுப் போயிடறே. நாலு நாள் பேப்பரை மறைச்சு வெச்சிருந்தேன். நீ போனதும் தட்டுல போடலாம்னு. நேத்து அதையும் கொட்டிட்டே.”

“எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து சொல்லணும்ல?”

“சொன்னா கேப்பியா? துணியோட வந்தேன்னா நீ வீட்டுல இருக்கற ஆளுங்களையே தொடச்சுட்டுப் போவே.”

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, அவை அப்படித்தான் எப்போதும் இருக்கும். அவள் சுத்தம் செய்ததை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. குறை சொன்னதெல்லாம் சுத்தம் போதவில்லை என்றுதான்.

“இன்னைக்கு எங்க போச்சு?” என்று கேட்டாள்.

“பாக்கல.”

விளக்கைப் போட்டாள். முட்டி போட்டுத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், நேற்றுப் பை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னும் காயாத ஒரு சின்னக் குட்டை. செய்தித்தாளைக் கிழித்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். மஞ்சளாக ஊறியது. இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி அடைப்புக்குள் கொண்டுபோனாள். அவள் காலையில் தேய்த்து வைத்திருந்த தட்டு பளபளத்தது. அதில் அந்தப் பேப்பரை வைக்க அவள் கை கொஞ்சம் யோசித்தது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். நான்கு புழுக்கையைப் பொறுக்கி அதன்மேல் போட்டாள். மேலே ஒரு கைப்பிடிப் புல்.

“புல்லைத் தட்டோட ஓரமாப் போடு,” என்றார் அவர் கட்டிலிலிருந்து. “எட்டித் தின்னணும். அப்பத்தான் உள்ள உக்காரும்.”

“வந்து நீங்களே போடுங்க.”

சிறிது நேரம் கட்டில் சத்தமே போடவில்லை. பிறகு போட்டது.

சனிக்கிழமை முயல் மூன்று தடவை தட்டுக்குப் போனது, ஒரு தடவை விரிப்பில். அவள் வேலையிலிருந்து வந்ததும் அவர் கணக்குச் சொன்னார். அவள் விரிப்பை மட்டும் வெறும் தண்ணீரில் அலசினாள். தட்டைத் தொடவில்லை. அதன் பக்கத்திலேயே சாப்பிட்டாள், அதன் பக்கத்தில் தூங்கினாள். தூக்கத்தில் இரண்டு தடவை கை எதையோ துடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா வருவாள். எட்டரைக்கே அவள் வாளியும் கையுமாக நின்றாள்.

“தட்டைத் தொடாதே,” என்றார் அவர். சட்டை போட்டிருந்தார். பல மாதத்துக்குப் பிறகு இஸ்திரி போட்ட சட்டை.

“அந்தம்மா வர்ற நேரத்துல மட்டுமாவது கழுவி வெச்சிடறேங்க. போனதும் பழையபடி...”

“தொடாதே.”

“வாடைங்க. எனக்கே வருது.”

“ஒரு வேலை செய். தரையை வெறும் தண்ணியில தொடை. ஜன்னலைத் தொறந்து வை. அதுக்கு மேல வேண்டாம்.”

“போகச் சொல்லிட்டா?”

அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் ஃபினாயில் பாட்டிலைச் சிங்க்குக்கு அடியில் தள்ளிவிட்டு வெறும் தண்ணீரில் தரையைத் துடைத்தாள். துடைத்ததாகவே தோன்றவில்லை.

வீட்டுக்காரம்மா பத்து பத்துக்கு வந்தாள். மூச்சு வாங்கக் கதவருகே நின்று மூக்கை உயர்த்தினாள்.

“என்னம்மா, இன்னைக்கு ஆஸ்பத்திரியை மூடிட்டீங்களா?”

“இல்லீங்களே, நாளைக்கு உண்டு. இன்னைக்கு லீவு எனக்கு.”

“அந்த வாடையைச் சொல்றேன். ஒரு வாரமா மூக்கை அறுத்துச்சே. மருந்தாட்டம். அது எங்க?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மூன்று மூடி ஃபினாயில், என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா அவ்வளவோடு விடுகிறவள் இல்லை. அடைப்பு அருகே வந்து குனிந்தாள். “எங்க அது? ஓடிப்போச்சா?”

“பெட்டிக்குள்ள இருக்குங்க,” என்றார் அவர். “புது ஆளைப் பாத்தா உள்ள போயிடும். தொந்தரவு பண்ணாம இருந்தா அதுவே வெளிய வரும். பெட்டிக்கு ரெண்டு வாசல். வயருக்கெல்லாம் குழாய் போட்டிருக்கேன், கடிக்காது. தரையில விரிப்பு, வழுக்காது. சத்தம் போடற ஜாதி இல்ல. கோபம் வந்தா மட்டும் பின்னங்காலால தரையை ஒரு தட்டுத் தட்டும்...”

“இவர் பேசுவாரா?” என்று வீட்டுக்காரம்மா அவளைப் பார்த்துக் கேட்டாள். “இவ்வளவு நாளா ஊமைன்னுல்ல நெனச்சேன்.”

பிறகு தட்டின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள். “இங்க லேசா வருதே.”

“வரணும்,” என்றார் அவர்.

“வரணுமா?”

அவர் விடவில்லை. போர்டு, நிழற்குடை, டிக்கெட்டுத் துண்டு எல்லாவற்றையும் சொன்னார். கையை ஸ்டீரிங்போல வைத்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்காரம்மா பாதியில் கை காட்டி நிறுத்தினாள்.

“போதும் சாமி. பஸ் வந்துடுச்சு, நான் ஏறிட்டேன். இந்த அளவோட இருந்தா அடுத்த மாசம் வரைக்கும் பாக்கறேன். இதுக்கு மேல ஏறுச்சுன்னா முயல் எறங்கிடணும். சரியா?” கதவுவரை போய்த் திரும்பினாள். “அப்புறம், இவங்க ஊத்தின தண்ணி எங்க சமையலறைக் கூரையில ஊறி நிக்குது. நீங்களே வந்து பாருங்க. இந்தம்மாகிட்ட சொன்னா ஒரு வாளி எடுத்துட்டு வந்துடும்.”

அவர் செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. அவள் எடுத்துக் கொடுக்க எழுவதற்குள் வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலும் வைத்து. மாடியைவிட்டு அவர் இறங்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். டாக்டரிடம் போனதுதான்.

வீட்டில் அவளும் முயலும் மட்டும். முயல் பெட்டியின் பின் வாசல் வழியாக வெளியே வந்து அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து மூத்திரம் போயிற்று.

“அடிப்பாவி,” என்றாள். அது ஆணா பெண்ணா என்று இன்னும் யாரும் பார்த்துச் சொல்லவில்லை.

எழுந்து பேப்பரைக் கிழித்தாள். ஒத்தினாள். தட்டில் வைத்தாள். விரிப்பை மடித்துக் குளியலறையில் போட்டாள். வாளி அங்கேயே இருந்தது. சிங்க்குக்கு அடியில் பாட்டிலும் இருந்தது. கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

அடைப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள். சுவரில் சாய்ந்தாள். கீழேயிருந்து அவருடைய குரல் கேட்டது, எந்தக் குழாய், எந்தப் பக்கம் கசிகிறது என்று. வீட்டுக்காரம்மா ஏதோ மறுத்துச் சொன்னாள். அவர் மறுபடி விளக்கினார். முயல் தட்டுக்குள் ஏறி உட்கார்ந்து ஓரத்துப் புல்லை இழுத்துத் தின்றது. அந்தச் சத்தம் சின்னதாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வாடையும் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். கண் தானாக மூடியது.

யாரோ வெறுங்காலோடு படி ஏறி வந்தார்கள். பாதியில் நின்றார்கள். மறுபடி ஏறினார்கள். எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள். கதவு திறந்துதான் இருந்தது.